வைரச் சரிவு

டிரோல் மலைநாட்டின் மோர்டால் பள்ளத்தாக்கில் பனி அதுவரை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பெய்துகொண்டிருந்தது. இதில் ஒரு நிர்வாகக் குறை இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் எக்மொண்ட் ஹால்பெர்க்.

அவர் வியன்னாக்காரர். மலையில் ஓடிய கம்பி நாற்காலி லிஃப்டுகளையும் உச்சியிலிருந்த விடுதியையும் பள்ளத்தாக்கின் பெயரையும் சேர்த்து ஒரு நிறுவனம் வாங்கியபோது, அதற்கு இயக்குநராக வந்து இறங்கினார். என்னத்துக்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. சறுக்கு சீசன் தொடங்கும் ஞாயிறன்று பூசை முடிந்து வெளியே வந்த ஊர்ஜனத்தை அப்படியே தேவாலய வாசலில் நிறுத்திவைத்து அவர் பேசினார். பக்கத்தில் புது லிஃப்டின் மாதிரி நாற்காலி ஒன்று நின்றது. தோல் மெத்தை, உட்கார்ந்தால் சூடேறும். பாதிரியார் அதற்குத் தீர்த்தம் தெளித்தார்.

"நண்பர்களே, இத்தனை வருஷமா இந்த மலையில என்ன நடந்துச்சு? ஒரு வங்கித் தலைவரும் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரும் ஒரே வரிசையில நின்னாங்க. யாருக்குச் சங்கடம்? பண்ணைக்காரருக்குத்தான்! பக்கத்துல நிக்கிறவரோட கோட்டைப் பாத்துப் பாத்து அவர் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும்! அந்த வேதனைய நாங்க துடைச்சிட்டோம். இனிமே அவங்க ரெண்டு பேரும் சந்திக்கவே வேண்டியதில்ல."

கைதட்டினார்கள். சூடான ஒயின் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள்.

"காத்திருக்கிறத நாங்க ஒழிக்கல," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "காத்திருக்கிறது இந்த மலையோட பாரம்பரியம். அதோட அருமை யாருக்குத் தெரியுமோ, அவங்க கையில முழுசா ஒப்படைக்கிறோம்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரோஸ்வித்தா கணவனின் விலாவில் இடித்தாள். "கோர்பி, இவன் நம்மளப் பத்தியா பேசுறான்?"

"அப்படித்தான் தெரியுது," என்றான் கோர்பினியன். "ஒரு நல்ல கோட்டு வாங்கியிருக்கலாம் நாம."

இருவரும் மலையின் வடக்கு அடிவாரத்தில் மாடு வைத்துப் பாலாடைக்கட்டி செய்பவர்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பால் கறந்து, பூசைக்குப் போய், அப்புறம் மலையேறிச் சறுக்கிவிட்டு, சாயங்காலக் கறவைக்கு வீடு திரும்புவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். கோர்பினியன் தரையில் நடந்தால் மூட்டை தூக்குகிறவன் மாதிரி இருப்பான். சறுக்குப் பலகையில் ஏறிவிட்டால் வேறு ஆள். ரோஸ்வித்தா அவனைக் கட்டிக்கொண்டதே அதைப் பார்த்துத்தான்.

இதற்கெல்லாம் அவர்கள் காசு கொடுத்ததில்லை. வடக்குச் சரிவில் சறுக்கி வருகிறவர்கள் சாலையை எட்ட வேண்டுமானால் ரோஸ்வித்தாவின் புல்வெளியைக் கடந்தாக வேண்டும். ஒரு பக்கம் ஓடைப் பள்ளம், மறுபக்கம் செங்குத்துக் காடு. அந்தக் காலத்தில் அவளுடைய அப்பாவும் ஊர் லிஃப்ட் சங்கத்துக்காரர்களும் பேசி முடித்துக்கொண்டார்கள்: பனிக்காலத்தில் யார் வேண்டுமானாலும் நிலத்தைக் கடக்கலாம், பதிலுக்குக் குடும்பம் சும்மா சறுக்கலாம். கை குலுக்கினார்கள், ஆளுக்கொரு குவளை பீர் குடித்தார்கள், அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். மலையை வாங்கியவர்களுக்கு மட்டும் இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

புது ஏற்பாட்டில் வடக்குச் சரிவு வைரச் சரிவாகிவிட்டது. நிழலில் கிடக்கிற, உதிரியான, நல்ல பனி முழுக்க அந்தப் பக்கம்தான். வெயிலில் உருகி ஜனவரியிலேயே புல் எட்டிப் பார்க்கிற தெற்குச் சரிவு பொதுச் சரிவு. அதற்குப் பழைய மரநாற்காலி லிஃப்ட், பன்றிக்குட்டி மாதிரி கத்திக்கொண்டே ஏறும். வைரத்துக்கு ஒரு வரிசை, தங்கத்துக்கு ஒரு வரிசை, மிச்சப் பேருக்கு ஒன்று. அந்த மூன்றாவதற்கு நிறுவனம் வைத்த பெயர் 'தொடக்கநிலை அனுபவம்'. ஊரார் தர்ம வரிசை என்றார்கள்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். "உங்க பழைய ஏற்பாடு இப்ப செல்லாதுங்க. ஆனா உங்களுக்குப் பாரம்பரிய விருந்தினர்னு ஒரு தகுதி இருக்கு. நாட்டுப்புற உடுப்புல வந்து உச்சி விடுதி முன்னால ஒரு மணி நேரம் நின்னீங்கன்னா, மத்தவங்க போட்டோ எடுத்துக்குவாங்க. டிக்கெட்ல கழிவு உண்டு."

"நாங்க என்ன பண்ணிக்கிட்டு நிக்கணும்?" என்று கேட்டான் கோர்பினியன்.

"சந்தோஷமா இருந்தாப் போதும்."

அவர்கள் சாதா டிக்கெட் வாங்கிக்கொண்டு தர்ம வரிசையில் நின்றார்கள்.

வாரத்துக்கு ஒரு புதுமை வந்தது. உச்சி விடுதியில் வெயில் படுகிற பெஞ்சுகள் தங்கத்துக்குப் போயின. கழிப்பறை வைரத்துக்குப் போனது. தர்ம வரிசைக்காரர்கள் நடுவழியில் இறங்கிப் போய்விட்டு, மறுபடி வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். ஜனவரியில் ஒருநாள் பார்த்தால், பொது லிஃப்டின் ஓரமாக நெடுக உயரமான படுதா கட்டியிருந்தது. எப்போதும் எதிரே தெரிகிற கோகல் சிகரம் கண்ணில் படவில்லை.

"இது எதுக்கு?" என்று ரோஸ்வித்தா ஃபெர்டியைக் கேட்டாள். ஃபெர்டி இருபது வருஷமாக அந்த லிஃப்டை ஓட்டியவன். இப்போது அவன் அனுபவ ஒருங்கிணைப்பாளர். வெள்ளிச் சரிகை வைத்த சட்டை கொடுத்திருந்தார்கள்.

"காட்சி இப்ப தங்கத்துலேருந்துதான் ஆரம்பம், ரோஸி. நீங்க சும்மா பாத்துட்டுப் போனா, காசு குடுத்துப் பாக்குறவங்களுக்கு மனசு வலிக்காதா?"

"மலையையா மறைக்கிறீங்க?"

"மறைக்கல. பாதுகாக்குறோம். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க."

இதையெல்லாம் கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு ஜனவரி கடைசி ஞாயிறு வரை ஓடியது.

அன்றைக்குப் பொதுச் சரிவின் தலைப்பில், பனிக்கும் புல்லுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் கோர்பினியனின் பலகை மோதியது. அவன் புரண்டு விழுந்த சத்தத்தைவிடக் கால் முறிந்த சத்தம்தான் ரோஸ்வித்தாவுக்குக் கேட்டது. மீட்புச் சறுக்குவண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுச் சரிவின் கீழ்ப்பாதி வெறும் சேறும் புல்லும், வண்டி இறங்காது. பத்தடி தள்ளி ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைரச் சரிவு. நேராக இறங்கினால் அவர்கள் வீட்டுப் புல்வெளி, சாலை, ஆம்புலன்ஸ். கயிற்றருகே ஃபெர்டி நின்றான்.

"ஃபெர்டி, கயித்த அவுரு."

"அவன் பாஸ் என்ன வகை, ரோஸி?"

"கால் ஒடஞ்சு கெடக்குதுடா!"

"தெரியுது. ஆனா இந்தக் கயிறு ஆளப் பாக்காது, பாஸத்தான் பாக்கும். இரு, மேல கேக்குறேன்." வாக்கிடாக்கியில் விருந்தினர் மகிழ்ச்சித் துறையைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தான். "நல்ல சேதி. ஒருநாள் வைரமா மாத்திக்கலாமாம்."

"மாத்து! எவ்வளவு வேணா எடுத்துக்க!"

"ஒரே ஒரு கேள்வி. வைரச் சரிவு கை தேர்ந்தவங்களுக்கு மட்டும்தான். அவனால நிக்க முடியுமான்னு கேக்குறாங்க."

ரோஸ்வித்தா வண்டியைப் பார்த்தாள். கோர்பினியன் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தான்.

"முடியாதுன்னு தெரியலையா?"

ஃபெர்டி அதை அப்படியே சொல்லிப் பதிலைக் கேட்டான். "அப்படீன்னா வைரச் சரிவு அவனுக்குப் பாதுகாப்பில்லையாம். அவன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

வண்டியை மறுபடி மேலே இழுத்து, பழைய லிஃப்டின் உச்சி நிலையம் வரை கொண்டுபோய், இறங்குகிறவர்களின் தர்ம வரிசையில் நிறுத்தினார்கள். வைரக்காரர்கள் காற்றாகப் பறந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு அம்மாள் மட்டும் நின்று, கோர்பினியனின் கையில் ஒரு இருமல் மிட்டாயை வைத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரொம்ப வீங்கிப்போயிருக்கிறது, நேரத்தோடு வந்திருந்தால் நேராகச் சேர்த்திருக்கலாம், இனிமேல் அந்தக் கால் கொஞ்சம் குட்டைதான் என்றார். நடக்கலாம். சறுக்க முடியாது.

அதைக் கேட்டு கோர்பினியன் தலையை ஆட்டினான், ஏதோ பால் விலையைக் கேட்டதுபோல. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவு அகலமான முதுகு அப்படிக் குலுங்கி ரோஸ்வித்தா அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் பழக்கூடையோடு வந்தார்.

"அம்மணி, உங்க கணவர் விழுந்தத நாங்க ரொம்பப் பெருசா எடுத்துக்கிட்டோம். அந்தக் கல்லை எடுத்துரலாமான்னு ஒரு கூட்டமே போட்டுப் பேசினோம்னா பாத்துக்குங்க. ஆனா பொதுச் சரிவுல கல்லே இல்லன்னா, வைரச் சரிவுக்கு எவன் அதிகக் காசு குடுப்பான்? நீங்களும் நாலு பேருக்கு விக்கிறவங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல."

பளபளக்கிற அட்டை ஒன்றைக் கட்டில்மேல் வைத்தார். ஒருநாள் வைரப் பாஸ். இந்த சீசன் முடியும்வரை செல்லும்.

"இவர் கால்ல மாவுக்கட்டு," என்றாள் ரோஸ்வித்தா.

"அதுக்குள்ள தேறிடணும்னுதான் எங்க வாழ்த்து."

அவள் கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தாள். சுளை சுளையாகக் கணவனுக்குக் கொடுத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "வைரச் சரிவு எங்க போய் முடியுது?"

"சாலையோரத்துல. நம்ம ஹோட்டலுக்கு எதிர்க்கவே."

"அந்தக் கடைசித் துண்டு யாரோடது?"

"பனி எங்களோடதுதான், அம்மணி. மெஷின் வச்சுத் தூவுறோம்."

"பனிக்கு அடியில?"

இயக்குநர் சிரித்தார். "அடியில எவன் பாக்குறான்?"

"நல்ல ஆரஞ்சு," என்றான் கோர்பினியன், அவர் போன பிறகு. ரோஸ்வித்தாவின் முகத்தில் களை வந்திருந்தது.

பிப்ரவரியில் வைர வாரம் வந்தது. லண்டனிலிருந்தும் சூரிக்கிலிருந்தும் முதலீட்டாளர்கள் வந்தார்கள். கடைசி நாள் மத்தியானம் அவர்களை இயக்குநரே வைரச் சரிவில் கூட்டிக்கொண்டு இறங்குவதாக ஏற்பாடு. சாலையோரத்தில் கூடாரம் போட்டு ஷாம்பெய்ன் அடுக்கியிருந்தது.

கூடாரத்துக்கும் சரிவுக்கும் நடுவே, ரோஸ்வித்தாவின் புல்வெளியில், அவளுடைய சாம்பல்நிற மாடுகள் நின்றன. இயற்கைப் பண்ணையில் குளிர்காலத்திலும் மாடு வெளியே உலாவ வேண்டும் என்பது விதி. வழக்கமாக அவற்றை அவள் கொட்டிலுக்குப் பின்னால் விடுவாள். அன்றைக்கு முன்னால் விட்டாள். ஓடையிலிருந்து காடு வரை கம்பிவேலி இழுத்து, வேலியில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தாள்:

வைர வழி: தொழுவத்தில் ஒரு தள்ளுவண்டி சாணி அள்ளிக் கொட்டுகிறவர்களுக்கு. பொது வழி: மாடுகள் தாமாக நகர்ந்த பிறகு.

முதலில் வந்து நின்றவர் இயக்குநர். பலகையைப் படித்தார். வேலியைத் தள்ளப் பார்த்தார். அதில் மின்சாரம் ஓடுகிறது என்பதைக் கையாலேயே தெரிந்துகொண்டார்.

"அம்மணி! இது என்ன அராஜகம்?"

"அனுபவம்," என்றாள் ரோஸ்வித்தா. "எல்லாரும் ஒரே மாதிரி கடந்து போனா மாட்டுக்குச் சங்கடமா இருக்கு."

பின்னால் வந்து சேர்ந்தவர்கள் பலகையைச் சுற்றிக் கூடினார்கள். இவர்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், இயக்குநரின் மானம் போகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அந்த நாளுக்காகவே ஆஸ்பத்திரிக்கும் தொழுவத்துக்கும் நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்திருந்தாள். நடந்தது வேறு. லண்டனிலிருந்து வந்த ஒரு சீமாட்டி பலகையை இரண்டாம் தடவை படித்துவிட்டுக் கைகொட்டினாள்.

"எக்மொண்ட், கள்ளன்யா நீ! இத ஏன் முன்னாலயே சொல்லல?"

கையுறையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். அடுத்தவர்கள் முண்டினார்கள். சூரிக் வங்கிக்காரர் ஒருவர் ஷாம்பெய்ன் நிறக் கால்சட்டையோடு முழங்கால் அளவு சாணியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வரிசை நீண்டது. அந்த வரிசையிலும் ஒருவர், மேல காசு குடுத்தா பெரிய தள்ளுவண்டி கிடைக்குமா என்று விசாரித்தார். அள்ளிக் கொட்டியவர்களை ரோஸ்வித்தா வேலியைத் திறந்து விட்டாள். அவர்கள் வெற்றி வீரர்கள்போல் மாடுகளுக்கு நடுவே கூடாரத்துக்குப் போனார்கள். அவள் தன் ஆயுளில் அவ்வளவு சுத்தமான தொழுவத்தைப் பார்த்ததில்லை. அவ்வளவு அவமானமும் பட்டதில்லை.

இயக்குநர் சுதாரித்துக்கொண்டார். மிச்சமிருந்த முதலீட்டாளர்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இதத்தான் நான் கனவு கண்டேன்! உழைப்ப எல்லாரும் கஷ்டம்னு நினைக்கிறாங்க. இல்ல. வேற வழியில்லாம செஞ்சாத்தான் கஷ்டம். காசு குடுத்துச் செஞ்சா அது ஆன்மிகம்!" பிறகு ரோஸ்வித்தாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "பிளாட்டினம் சாணி. நீங்க பாதி, நாங்க பாதி. உங்க கணவரையும் ஊன்றுகோலோட ஓரமா உக்கார வைக்கலாம். பாக்குறவங்களுக்கு உருக்கமா இருக்கும்."

அதுவரை ரோஸ்வித்தாவுக்குள் இருந்தது கோபம். அந்தக் கணத்தில் அது கெட்டிப்பட்டுப்போனது.

"மன்னிக்கணும்," என்றாள். "சாணி தீந்துபோச்சு."

"என்னது?"

"தொழுவம் காலி. வைர வழி மூடியாச்சு. நீங்க பொது வழியில வரலாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் இயக்குநரும், பண்போடு மற்றவர்களை முன்னால் விட்ட பெரிய முதலீட்டாளர்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். அதிகப் பணம் போட்டவர்கள் அவர்கள்தான். எல்லாரும் மாடுகளைப் பார்த்தார்கள். மந்தையின் தலைவி ஃபானி ஒரு பெருமூச்சு விட்டு, வழியின் நட்டநடுவில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் படுத்தன.

"அதுகள எழுப்புங்க," என்றார் இயக்குநர்.

"எழுப்பலாம். ஆனா அது வைரச் சேவை. சாணி வேணும்."

"சாணிதான் இல்லங்கிறீங்களே!"

"மாடு எழுந்தாத்தான் போடும்."

கூடாரத்திலிருந்து இசை கேட்டது. சூரியன் கோகல் சிகரத்துக்குப் பின்னால் இறங்கியது. வடக்கு அடிவாரத்தில் அது இறங்கினால் குளிர் பல்லுக்குள் வரும். வைர லிஃப்ட் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டு நின்றது. இயக்குநர் போனை எடுத்து ஃபெர்டியைக் கூப்பிட்டார். ஃபெர்டி மீட்பு வண்டியோடு மேலேயிருந்து இறங்கி வந்து நின்று, வேலியையும் மாடுகளையும் ரோஸ்வித்தாவையும் பார்த்தான். சட்டையின் வெள்ளிச் சரிகையைத் தடவிக்கொண்டான்.

"விபத்து எதுவும் நடந்திருக்கா சார்?"

"இல்ல. வழி இல்ல!"

"அப்ப அனுபவம் நல்லாத்தான் இருந்திருக்கு."

"முட்டாளே, கால் ஒடஞ்சதுன்னு வச்சுக்க! எங்களக் கூட்டிட்டுப் போ!"

"கால் ஒடஞ்சவங்களுக்கு இந்தச் சரிவு பாதுகாப்பில்ல சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மேல ஏறி, பொதுச் சரிவு வழியாத்தான் இறங்கணும்."

ரோஸ்வித்தாவும் ஃபெர்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள்.

சறுக்குப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரும்பு மாதிரி கனக்கிற சறுக்குக் காலணியோடு அவர்கள் மலையேறினார்கள். பாதியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் அவரிடம் ஏதோ சொன்னதும், அவர் பதிலுக்குப் பனியை அள்ளி வீசியதும் கீழேயிருந்தே தெரிந்தது. அந்தி வெளிச்சத்தில் தென் பக்கம் இறங்கினார்கள்: புல், சேறு, கல், மறுபடி புல். மாலைப் பூசை முடிந்து ஊர்ஜனம் வெளியே வரும் நேரத்தில், வியன்னாவில் தைத்த கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்க, டாக்டர் எக்மொண்ட் ஹால்பெர்க் தேவாலய வாசலுக்கு உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து சேர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கி, தொப்பியைக் கழற்றி, ஒவ்வொருவராக மாலை வணக்கம் சொன்னார்கள். சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முதலீட்டாளர்கள் மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். வசந்தம் வருவதற்குள் இயக்குநரையும் வேறெங்கோ மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் இர்ம்கார்ட் என்ற அம்மாள். சாந்தமான குரல். படுதாவை அவிழ்க்கச் சொன்னார். அந்தக் கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். அடிபட்டவர்களுக்குக் கேள்வி கேட்காமல் கயிற்றை அவிழ்க்கலாம் என்றார். வைரம் என்ற சொல்லே இனிக் கிடையாது என்று அறிவித்தார். அந்த லிஃப்டின் பெயர் இப்போது நட்பு லிஃப்ட். நட்பின் கட்டணம் வைரத்தைவிடக் கொஞ்சம் கூட.

இலையுதிர்காலத்தில் அவர் ஒரு ஆப்பிள் கேக்கோடு பண்ணைக்கு வந்தார்.

"பழசெல்லாம் மறந்துடலாமே, ரோஸ்வித்தா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம். அந்த வேலிய மட்டும் நீங்க எடுத்துட்டீங்கன்னா..."

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள் ரோஸ்வித்தா. கொட்டிலுக்குள்ளிருந்து கோர்பினியன் பால் வாளியோடு வந்துகொண்டிருந்தான். குட்டைக் காலை ஊன்றும்போதெல்லாம் வாளி தளும்பியது. இருவரும் அவன் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இர்ம்கார்ட் அம்மாள் கேக்கை வைத்துவிட்டுப் போனார்.

வேலி நின்றது. ஊர்க்காரர்கள் ஓடைப் பக்கமாக வந்தால் ரோஸ்வித்தா கம்பியைத் தூக்கிப் பிடிப்பாள். நட்பு லிஃப்டின் விருந்தினர்களுக்காக நிறுவனம் காட்டோரமாக ஒரு மரப்படிக்கட்டு கட்டியது. அவர்கள் பலகையைச் சுமந்துகொண்டு படியேறி, அந்தப் பக்கம் இறங்கிச் சாலைக்குப் போக வேண்டும். படியின் உச்சியிலிருந்து பண்ணை முற்றம் தெரியும். அங்கே ஒரு பெஞ்சில் கோர்பினியன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். மூச்சு வாங்க ஏறி வருகிற ஒவ்வொருவருக்கும் குரலெடுத்து வணக்கம் சொல்வான். பதில் சொல்லாமல் போக முடியாது. டிரோலில் அது மரியாதையில்லை.

முதல் பனி விழுந்த அன்று, ஒரு கிழவனார் படியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு அவன் உள்ளே வந்தான்.

"போதும் ரோஸி. பாவமா இருக்கு. எடுத்துடலாம்."

அவள் பாலாடைக்கட்டியைத் துணியில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கால் எப்படி இருக்கு?"

"சும்மா நாள்ல ஒண்ணும் தெரியல. பனி விழற நாள்லதான் குடையுது."

"அவங்களும் பனி விழற நாள்லதான் வர்றாங்க," என்று சொல்லி ரோஸ்வித்தா துணியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள்.